கடிகாரம் மாட்டிய காரணம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் நாலு மாதமாக நான் உன்னிடம் அப்படிச் சொல்லிவந்ததைப் பற்றித்தான் இந்தக் கடிதமே என்பதால் எங்கள் நலத்தைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவைக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே, உன் முதுகு வலி விட்டதா, நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா. நான் இப்போது நம் வீட்டுக் கதவுக்கு வெளியே, மாடிக்கு ஏறும் படிகளில் கீழிருந்து மூன்றாவதில் உட்கார்ந்து, பழைய பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கதவைச் சாத்தியது நான்தான். உள்ளே சாப்பாட்டு மேஜை, மேஜைமேல் கணினி, கணினிக்குள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண், எதிரே உன் அப்பா. வேறு யாரும் இல்லை. மணி பதினொன்று ஐந்து. பதினொன்றே முக்கால் வரை அவருக்குத் தேர்வு. முப்பத்தொரு வருஷம் தேர்வு அறைக்குள் நடந்து நடந்து செருப்புத் தேய்த்தவளை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே தேர்வு நடக்கிறது, காரணம் என்னவென்றால், நான் உள்ளே இருந்தால் விடை சொல்லிக்கொடுத்துவிடுவேன். இது சந்தேகமில்லை, நிரூபணமான குற்றம்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசும்போது அவர் பக்கத்தில் இருப்பார். அவருக்குப் போனது பேச்சு, காது இல்லை. இந்த வித்தியாசம் உன் சித்தப்பாவுக்கு இன்னும் பிடிபடவில்லை, வாரம் ஒருமுறை கடையிலிருந்து வந்து ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுவது போல "அண்ணே, நல்லா இருக்கியாண்ணே!" என்று கத்துகிறார், அண்ணன் நல்லா இருக்கிற செய்தி தெருமுனை வரை போய்விடுகிறது. நீ வந்து இருந்துவிட்டுப் போன அந்த மூன்று வாரத்தில் அப்பா எப்படி இருந்தாரோ அதுதான் உனக்கு நேரில் தெரிந்தது. கடையில் நின்றபடியே ஒரு வாடிக்கையாளரிடம் "அப்புறம்?" என்று கேட்டவர், அந்த ஆள் அடுத்த சாமான் பெயரைச் சொல்வதற்குள் சரிந்தார். வலது கை பாதி திரும்பி வந்தது. காலும் கோலின் துணையோடு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை, அந்தக் கடைசிச் சொல் ஒன்றைத் தவிர. பெயர் என்ன என்றால் அப்புறம். இவங்க யாரு என்று என்னைக் காட்டிக் கேட்டால் அப்புறம். நரம்பு டாக்டர் கையைக் குலுக்கினால் அதற்கும் அப்புறம். ஆணி, திருகு, கீல், குழாய் என்று நாலாயிரம் சாமானின் பெயரையும் அது இருக்கும் தட்டையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மனிதருக்கு மூளை மிச்சம் வைத்தது அந்த ஒரு சொல். எல்லாம் புரிகிறது, செய்தித்தாளில் தலைப்பு வரை மெதுவாகப் படிக்கிறார், சித்தப்பா கடையைப் பற்றிப் பொய் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சொல்ல வேண்டியது எல்லாம் உள்ளே இருக்கிறது, எடுத்து வெளியே வைக்கத்தான் முடியவில்லை.

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் மாதம் ஒரு நாள் வருவார், அது எந்த நாள் என்பது அவருக்கே வந்த பிறகுதான் தெரியும். அதனால்தான் நீ அங்கிருந்தே தேடி, கணினி வழியாகக் கற்றுக்கொடுக்கும் இந்த இடத்தைப் பிடித்தாய். செவ்வாயும் வெள்ளியும் முக்கால் மணி நேரம், பன்னிரண்டு வாரம். அந்தப் பெண்ணை நாங்கள் கழுத்து வரைதான் பார்த்திருக்கிறோம். உன்னைவிட நாலைந்து வயது சின்னவள், பொறுமையில் என்னைவிட ஐம்பது வயது மூத்தவள். படம் காட்டுவாள், அப்பா பெயர் சொல்ல வேண்டும். ஒட்டகச்சிவிங்கி, கலங்கரை விளக்கம், பனிக்கரடி. உன் அப்பா தன் வாழ்நாளில் பனிக்கரடியைக் கூப்பிட வேண்டிய அவசியம் வந்ததே இல்லை, ஆனாலும் மரியாதையாகப் பார்த்துவிட்டு அப்புறம் என்பார். முதல் நாளே அவள் என்னிடம் கட்டளையாகச் சொன்னாள். "அம்மா, அவர் சொல்லைத் தேடும்போது நீங்க எடுத்துக் குடுத்துடாதீங்க. மனசுக்குள்ள முப்பது எண்ணுங்க. அதுக்கும் வரலன்னா நான் பாத்துக்கறேன்" என்றாள். முப்பது எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியுமா? அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பை அடக்க எனக்கு மூன்று போதும். தவிர, நம் வீட்டில் யார் யாரை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டிருக்கிறோம் சொல். நீ "அம்மா, நாளைக்கு" என்று ஆரம்பித்தால் "இஸ்திரி போட்டு வெச்சாச்சு" என்று நான் முடிப்பேன். நான் "ஏங்க, அந்த" என்றால் "வாங்கியாச்சு டீச்சர்" என்று அவர் முடிப்பார். பேச்சை அடுத்தவர் வாயிலிருந்து பிடுங்குவதையே பாசம் என்று நினைத்து முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினோம். அந்தக் குடும்பத்தைப் பார்த்து முப்பது எண்ணு என்றால்?

ஆறாம் வாரம் ஒரு தேர்வு வைத்தாள். முப்பது படம். முதல் படம் குடை. வெறும் கறுப்புக் குடை, வளைந்த கைப்பிடி. உன் அப்பா அதைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. நெற்றியில் வேர்வை பொடித்தது. இடது கை தானாக உயர்ந்து எதையோ பிடித்துக்கொள்வது போல நின்றது. நான் கணினிக்குப் பின்னால் சுவரோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு. எட்டு. ஒன்பதில் என் வாய் என்னைக் கேட்காமல் "கு" என்று குவிந்தது. சத்தம் இல்லை, வாய் அசைவு மட்டும். அவர் பார்த்தார். "குடை" என்றார். அந்தப் பெண் அங்கே கைதட்டினாள். அவர் முகத்தில் ஆறு மாதத்தில் நான் பார்க்காத ஒன்று வந்தது. அதைப் பார்த்துவிட்ட பிறகு நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நீ நினைத்தால், நீ இன்னும் யாரையும் முப்பத்தைந்து வருஷம் கட்டிக்கொண்டு வாழவில்லை. அன்றைக்கு அதற்குப் பிறகு பதினாலு சொல். முதல் எழுத்துக்கு நான் வாயைக் குவித்தால் போதும், மீதி அவருக்குத் தானாக வந்துவிடும். வராத பெரிய சொற்களுக்கு முழுவதையும் அசைத்துக் காட்டினேன். அதற்கடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்கு லேசாக ஒரு யோசனை. "ஐயா ஏன்மா ஒவ்வொரு தடவையும் திரைக்கு மேலயே பாக்கறாரு?" என்று கேட்டாள். அங்கே கடிகாரம் இருக்கிறது, அவருக்கு மணி பார்க்கும் வழக்கம் உண்டு என்றேன். அங்கே கடிகாரம் கிடையாது. அவள் என்றைக்காவது கணினியைத் திருப்பிக் காட்டச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அன்று மதியமே சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றி அங்கே ஆணி அடித்து மாட்டினேன். என் பள்ளிக்கூடத்தில் விடைத்தாளை முழங்கையில் ஒட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள் உண்டு, கட்டுப் போட்டு அதற்குள் எழுதிவைத்த பிள்ளைகள் உண்டு, பொய்க்கு ஒத்துப்போகும்படி வீட்டையே மாற்றிக் கட்டிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. அன்றிலிருந்து சமையலறையில் மணி தெரியாமல் இரண்டு தடவை பால் பொங்கிவிட்டது.

கொஞ்சம் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மேல் வீட்டுத் தையல்காரி கீழே இறங்கி வந்தாள், நான் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து "என்ன டீச்சர், சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்களா?" என்றாள். நீளமாக விளக்க வேண்டாமே என்று ஆமாம் என்று சொல்லிவிட்டேன். "ஐயோ பாவமே, ஐயா உள்ள தனியாவா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். மணி பதினொன்று பதினேழு. உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து இரண்டு தடவை கதவு வரை போய்விட்டு வந்தேன். மூன்றாம் தடவை சாவித்துவாரத்தைப் பார்த்தேன், பார்க்க மட்டும் செய்தேன், குனியவில்லை.

பத்தாம் வாரத் தேர்வில் உன் அப்பா முப்பதுக்கு இருபத்தாறு. நான் திருத்திய எந்த வகுப்பிலும் அவருக்கு முதல் வரிசை. அந்தப் பெண் ஓர் அறிக்கை அனுப்பினாள், "மிகச் சிறப்பான முன்னேற்றம்" என்று இரண்டு இடத்தில். நான் அதை மூன்று தடவை படித்தேன், மூன்றாம் தடவைதான் கீழே இருந்த வரி கண்ணில் பட்டது. இவருக்கு இனிப் பயிற்சி தேவைப்படாது என்பதால் இவருடைய இடம் காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்கு அளிக்கப்படுகிறது. நான் மதிப்பெண் வாங்கிக்கொடுத்த வேகத்தில் அவரைப் பள்ளிக்கூடத்தைவிட்டே வெளியேற்றிவிட்டேன். இருபத்தாறு வாங்கிய மனிதர் பக்கத்து அறையில் உட்கார்ந்து தண்ணீர் வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்போதும் எனக்கு உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை, பார். இடம் போனால் போகட்டும், நானே வீட்டில் கற்றுக்கொடுப்பேன், நான் என்ன டீச்சர் இல்லையா என்று நினைத்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தது நீ.

உன் பிறந்தநாளன்று அப்பா வீடியோ போனில் உனக்கு வாழ்த்துச் சொன்னார் அல்லவா, "பிறந்தநாள் வாழ்த்துகள் மகளே" என்று. நீ அழுதாய். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஏம்மா, அப்பா என்னை மகளேன்னா கூப்பிட்டாரு என்று கேட்டாய். ரொம்ப நாள் கழித்துப் பேசுகிறார், அதனால் மரியாதை கூடியிருக்கிறது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கண்ணு, அது நான். போனுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாக வாயை அசைத்தது நான். அவர் உன்னை ஒரு நாளும் மகளே என்று கூப்பிட்டதில்லை என்பது எனக்கு அப்போது நினைவில்லை. வீட்டில் இருந்த அத்தனை கடிகாரத்தையும் ரேடியோவையும் நீ திருகு திருகாகக் கழற்றிப் போட்ட நாளிலிருந்து அவருக்கு நீ திருப்புளிதான். "திருப்புளி சாப்பிட்டுச்சா", "திருப்புளி தூங்கிடுச்சா". உனக்குக் கல்யாணம் ஆகிற அன்றைக்குக்கூட மாப்பிள்ளையிடம் "எங்க திருப்புளிய பத்திரமா பாத்துக்கோங்க" என்று சொல்ல, அந்தப் பையன் எதையோ தொலைத்துவிட்டோமோ என்று பையைத் தடவிப் பார்த்தான். என் வாயிலிருந்து எடுத்து அவர் வாயில் வைத்தால் என் சொல்தான் வரும் என்பதை எனக்குப் புரியவைக்க உன் ஒரு கேள்வி வேண்டியிருந்தது. புரிந்த பிறகும் பத்து நாள் பேசாமல் இருந்தேன், அது வேறு கதை, அதை என் தலையில் குட்டிக்கொண்டு நானே அனுபவிக்கிறேன்.

மறுபடியும் நிறுத்தினேன். இந்தத் தடவை விஷயம் பெரிசு. தையல்காரி பூட்டுக்காரரோடு வந்துவிட்டாள். தெருக்கோடியில் சாவி செய்கிறாரே, அவரே. பெரிய பையைப் படியில் வைத்து, துளை போடும் கருவியை எடுத்து, "தள்ளிக்கோங்கம்மா, ரெண்டே நிமிஷம்" என்று கதவை நோக்கிப் போனார். உள்ளே தேர்வு நடுவில் இருக்கிறது. நான் எழுந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நின்றேன், பூட்டியவளே திறக்கக் கூடாது என்று நிற்பதை அவர் தொழிலில் முதல் தடவையாகப் பார்க்கிறார் போலிருக்கிறது. "என்ன டீச்சர், உள்ள யாரு?" என்று தையல்காரி குரலைத் தாழ்த்தினாள், அவள் மனசு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன், சாவி இடுப்பில்தான் இருக்கிறது என்று எடுத்தே காட்டினேன். ஒரு கடிகாரப் பொய்க்கு ஆணி அடித்தேன், ஒரு சாவிப் பொய்க்குக் கதவே போக இருந்தது. பூட்டுக்காரர் கருவியைப் பைக்குள் வைத்தார். "கடைக்கார ஐயாவா? நான் பூட்டுக்கு ஸ்பிரிங் அவருகிட்டதான் வாங்குவேன். பேசறாரா இப்போ?" என்றார். அதைத்தான் பார்க்கிறார்கள் என்றேன். அவர் கதவில் காதை வைத்தார், பூட்டோடு பழகியவர், அவருக்கு அது இயல்பு. நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தோம். "சத்தம் வருதும்மா. என்னன்னு புரியல. ஆனா வருது" என்றார். பிறகு அவரும் போகாமல் என்னுடைய படிக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்துகொண்டார். தையல்காரி மேலே போய்விட்டாள், இன்று சாயங்காலத்துக்குள் இந்தக் கட்டடம் முழுக்க நான் காப்பி அடிக்க உதவிய கதை போய்விடும். மணி பதினொன்று முப்பத்தொன்று.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. அந்தப் பெண் படங்களை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, "ஐயா, இன்னிக்குப் பரீட்சை இல்ல. உங்க கடையப் பத்தி எனக்குச் சொல்லுங்க, சும்மா பேசுவோம்" என்றாள். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்துக்குக் கீழே தயாராக நின்றேன், வாயைத் திறந்தேன், என்ன அசைப்பது என்று தெரியவில்லை. படம் என்றால் விடை எனக்குத் தெரியும். கடையைப் பற்றி அவர் என்ன சொல்ல நினைக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் விட மனசில்லாமல், கடை நல்லா நடக்குது என்று அசைத்தேன். அவர் அசையவில்லை. இன்னும் பெரிதாக அசைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார். "டீச்சர்" என்றார். வாய் கோணியது, மூச்சு வாங்கினார், நான் எண்ணவில்லை, ஆனால் முப்பதுக்கு மேலேயே இருக்கும். "வெளிய" என்றார். சேட்டை பண்ணுகிற பிள்ளையை நான் வகுப்பிலிருந்து அனுப்புவேனே, அதே விரல், அதே திசை. எட்டு மாதத்தில் யாரும் எடுத்துக்கொடுக்காமல் உன் அப்பா பேசிய முதல் இரண்டு சொல் அவை. நான் வெளியே போனேன். போகாமல் என்ன செய்வது, டீச்சர் சொன்னால் போகத்தான் வேண்டும்.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், கடிகாரம் உட்பட. போனில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு "அப்ப நான் இத்தனை நாளா யாருக்கும்மா மார்க் போட்டேன்?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டது அவள், இப்போது அவளுடைய மேலதிகாரியிடம் போய் எல்லாம் தப்பு என்று சொல்ல வேண்டியவளும் அவள். போய்ச் சொன்னாள். இடம் இன்னும் அடுத்தவருக்குப் போகவில்லை, மறுபடி ஒரு தேர்வு, வீட்டார் யாரும் அறையில் இருக்கக் கூடாது என்று முடிவு. அதிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முப்பதுக்கு ஆறுக்குக் கீழே போனால் பேச்சுப் பயிற்சியே கிடையாது, படப் பலகையைக் கையில் கொடுத்து, வேண்டியதை விரலால் தொட்டுக் காட்டப் பழக்குவார்கள். இருபதுக்கு மேலே போனால் நலமாகிவிட்டார், போய்வாருங்கள். நடுவில் இருந்தால் இன்னும் பன்னிரண்டு வாரம். ஆக உன் அப்பா இன்று மிகக் கவனமாக, அளவோடு தோற்க வேண்டும். அவருடைய சொந்த மதிப்பெண் என்ன என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. கடைசியாகத் தெரிந்தபோது, முதல் வாரத்தில், அது பூஜ்யம். பூஜ்யத்திலேயே இருக்கிறதா என்ற கேள்விதான் பத்து நாளாக என்னை ஓர் இடத்தில் உட்காரவிடாமல் அடிக்கிறது. அவருக்கு ஒன்றுமே வந்திருக்கவில்லை என்றால், அந்தப் பன்னிரண்டு வாரத்தையும் தின்றது நான்.

ஒரே ஒரு நம்பிக்கை, அதையும் சொல்லிவிடுகிறேன். போன வியாழன் சித்தப்பா ஒரு பெரிய தகர டப்பாவோடு வந்தார். கடையில் தட்டெல்லாம் கலந்துபோய், எது எதில் இருக்க வேண்டும் என்று அவருக்கே தெரியாமல், ஒரு டப்பா நிறையத் திருகும் வாஷரும் கொட்டி எடுத்துவந்து, "அண்ணே! இதப் பாருண்ணே! எல்லாம் ஒண்ணாப் போச்சுண்ணே!" என்று கத்தினார். உன் அப்பா டப்பாவைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தார். சித்தப்பா உதவுகிறேன் என்று ஒரு திருகை எடுத்துக் குவியலில் போட்டார். அப்பா அதை எடுத்துத் திரும்ப அவர் கையில் வைத்தார். சித்தப்பா மறுபடி அதே குவியலில் போட்டார். அப்பாவின் வாய் கோணத் தொடங்கியது. அது என்ன சொல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, என் உதடு துடித்தது, முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். "பித்தளை" என்றார். அது பித்தளை, குவியல் இரும்பு. சித்தப்பா திருகைப் பிடித்தபடி அப்படியே நின்றார், முதல்முறையாகச் சின்னக் குரலில் "சரிண்ணே" என்றார். போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது அப்பா தூங்குகிறார் என்றேன். தூங்கவில்லை. மிச்சத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். டப்பாவின் அடியில் விரல் நீளத்தில் ஒரு சின்னத் திருப்புளி கிடந்தது. அதை எந்தக் குவியலிலும் போடவில்லை. கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். வாய் எங்கெங்கோ போயிற்று, வரவில்லை. கடைசியில் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிக்கொள்கிறார்.

போன் அடிக்கிறது, அந்தப் பெண்தான்.

இப்போது மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினொன்று. முப்பதுக்குப் பதினொன்று. நான் திருத்தியிருந்தால் மயிரிழையில் தேர்ச்சி. நானும் பூட்டுக்காரரும் படியில் நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பைப் பார்த்திருந்தால் பூட்டுக்காரர் பிள்ளை மாநிலத்திலேயே முதலாவது வந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். இன்னும் பன்னிரண்டு வாரம் உண்டு, அறையில் நான் கிடையாது. "பதினொண்ணும் அவரோடதும்மா, ஒவ்வொண்ணுக்கும் நான் காத்திருந்தேன்" என்றாள் அந்தப் பெண். முதல் படமே வரவில்லையாம், குடையைப் பார்த்துவிட்டு அப்புறம் என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டாராம்.

பூட்டுக்காரர் வாசலிலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போன பிறகு, நான் உள்ளே வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். பரீட்சை எப்படி இருந்தது என்று கேட்டேன். "அப்புறம்" என்றார். நான் எடுத்துக்கொடுக்க ஒன்றும் இல்லாததால் கடிகாரத்தைப் பார்த்தேன், அது ஒவ்வொரு வினாடியாகத் தட்டிக்கொண்டிருந்தது, எண்ணத் தொடங்கினேன். ஒன்பது போயிற்று. பதின்மூன்றில் அவருடைய இடது கை எழுந்து எதையோ பிடித்துக்கொண்டது. நான் வாயை மூடிக்கொண்டேன். இருபது. இருபத்தொன்று. இருபத்து மூன்றில் "குடை" என்றார். மணியடித்து வெளியே வந்து வராந்தாவில் நடக்கும்போது விடை நினைவுக்கு வந்து நெற்றியில் அடித்துக்கொள்ளும் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன், ஒருத்தரிடமும் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நேரம் முடிஞ்சு போச்சு, மார்க் கிடையாது என்றேன். அவர் என்னைக் கடைக்கு வந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். கல்லாவுக்குப் பின்னால் நின்று கேட்கிற அந்தப் பழைய குரலில், "அப்புறம்?" என்றார்.

இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புகிறேன், தபாலில் போட்டால் ஞாயிறு முந்திக்கொள்ளும். எங்கள் நலத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன் அல்லவா, அது முப்பதுக்குப் பதினொன்று, அதற்கு மேல் ஒரு துளி கிடையாது, இனி நீ கேட்டால் அந்த அளவுக்குத்தான் சொல்வேன். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்க விட்டுக்கொண்டு நூறு வயது இருக்க வேண்டும். நாற்காலியை மாற்று. ஞாயிறு நீ கூப்பிடும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன், மாடியில் தையல்காரி வீட்டில் இருப்பேன், அவளிடம் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அப்பாவும் நீயும் மட்டும்தான். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருப்பார், போன் படம் நின்றுவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. அழுதால் போனைத் தள்ளி வைத்துக்கொண்டு அழு. முப்பது எண்ணு, வராவிட்டால் இன்னொரு முப்பது எண்ணு. அவர் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து உன் முகத்துக்கு நேரே நீட்டினாலும் நீட்டுவார். அது என்னவென்று உனக்குத் தெரியும். தெரிந்தாலும் நீ சொல்லிவிடாதே.

ஆசிகளுடன்,
அறைக்கு வெளியிலிருந்து
உன் அம்மா